‘பார்த்து, மெதுவா’ என்று சொல்லாதீர்கள்: பார்க்கின்சன் கேள்வி பதில்

சென்ற இதழில் பார்க்கின்சன் நோயில் வரும் நடுக்கம் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்தால், நடுக்கத்தைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லாருக்கும் ஒரே கவலை: விழுந்துவிடுவது. பிசியோதெரபிஸ்டாக இந்த நோயாளிகளோடு இத்தனை வருடம் இருந்ததில் எனக்கும் அதுதான் பெரிய கவலை, அதனால் இந்த முறை முழுக்க அதற்கே. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. பார்க்கின்சன் வந்து ஆறு வருடம் ஆகிறது. மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறார், தினமும் அரை மணி நேரம் நடக்கிறார். நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் மூன்று மாதத்தில் நான்கு முறை விழுந்துவிட்டார். மாத்திரையைக் கூட்ட வேண்டுமா? நடைப்பயிற்சி போதாதா?

மாத்திரையை நீங்களாகக் கூட்டவே கூடாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பார்க்கின்சனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் மந்தமான அசைவுக்கும் நன்றாக வேலை செய்யும். தள்ளாட்டத்துக்கு அந்த அளவு கேட்காது, ஏனென்றால் உடம்பை நிமிர்த்தி நிறுத்தும் வேலையில் இந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைச் சேராத மூளைப் பகுதிகளுக்கும் பங்கு இருக்கிறது. அளவு கூடினால் கை கால் தானாக நெளிய ஆரம்பிக்கலாம், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தமும் இறங்கலாம், இரண்டுமே ஆளை விழவைக்கும்.

அந்த நான்கு முறையும் எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்து. அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், படுத்திருக்கும்போது ஒரு முறையும் எழுந்து நின்ற பிறகு ஒரு முறையும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்தவுடன் கண் இருட்டி விழுகிறார் என்றால் அது வேறு வழக்கு, முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

சரி, இப்போது நடைக்கு வருவோம். அரை மணி நேர நடை இதயத்துக்கு நல்லது, மனதுக்கு நல்லது, விட வேண்டாம். ஆனால் சமதளத்தில் நேராக நடக்கும்போது பார்க்கின்சன் நோயாளிகள் விழுவது குறைவு. திரும்பும்போதும், பின்னால் ஒரு எட்டு வைக்கும்போதும், உயரத்தில் இருப்பதை எட்டி எடுக்கும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும், கையில் எதையாவது தூக்கிக்கொண்டு பேசியபடி போகும்போதும்தான் விழுகிறார்கள். நேராக நடந்து நடந்து பழகியவருக்கு இதில் ஒன்றுகூடப் பழகியிருக்காது.

டாக்டர் உங்கள் அப்பாவின் பின்னால் நின்று தோளைப் பிடித்துச் சட்டென்று இழுத்துப் பார்த்திருப்பாரே, கவனித்தீர்களா? மற்றவர்கள் ஓரிரண்டு எட்டு பின்னால் வைத்து நின்றுவிடுவார்கள். சமநிலை கெட்டவர்களோ குட்டிக்குட்டியாகப் பல எட்டு வைத்துத் தடுமாறுவார்கள், அல்லது காலே நகராமல் மரம் சாய்வதுபோல் சாய்வார்கள், பிடிக்க ஆள் வேண்டும். மார்கரெட் ஹோன், மெல்வின் யார் (Yahr) என்ற இரு மருத்துவர்கள் 1967இல் வகுத்த ஐந்து கட்ட அளவுகோலில், இப்படிச் சமநிலை தடுமாறத் தொடங்குவதுதான் மூன்றாம் கட்டம். உடம்பு சாய்கிறது என்று தெரிந்ததும் பெரிதாக, உடனே ஒரு எட்டு எடுத்து வைக்கும் திறமை போய்விடுகிறது. எட்டு வருகிறது, ஆனால் தாமதமாக வருகிறது, சின்னதாக வருகிறது. திரும்பப் பழக்க வேண்டியது அந்த ஒரு எட்டைத்தான்.

அறையின் மூலையில் இரண்டு சுவரும் சேரும் இடத்துக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள், முன்னால் நகராத கனமான நாற்காலி ஒன்று. பின்னால் சாய்ந்தால் சுவர், முன்னால் சாய்ந்தால் நாற்காலி. பக்கத்தில் கண்டிப்பாக ஒரு ஆள். இரண்டு பாதமும் சேர்த்து அரை நிமிடம் நிற்பது முதல் வேலை. அது சுலபமாகிவிட்டால் ஒரு பாதத்தை மற்றதற்கு முன்னால் வைத்து நிற்பது, அப்படியே தலையை இடமும் வலமும் திருப்புவது, கையை நீட்டித் தோளுக்கு அப்பால் இருப்பதைத் தொடுவது. அப்புறம் முன்னாலும் பக்கவாட்டிலும் பின்னாலும் எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக ஒரு எட்டு வைத்துத் திரும்ப வருவது. கையால் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது இரண்டும் காலுக்கு வலு தரும். வாரத்துக்கு மூன்று நாள், போகப்போக 40 நிமிடம் வரைக்கும்.

செய்யும்போது கொஞ்சம் ஆட வேண்டும். ஆடவே இல்லை என்றால் பயிற்சி சுலபமாகிவிட்டது, அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொரு தடவையும் நாற்காலியை இறுக்கிப் பிடிக்கிறார் என்றால் கடினமாகிவிட்டது, ஒரு படி இறங்குங்கள். கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டே மாதக்கணக்கில் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கைக்குத்தான் வலு வந்திருக்கும்.

ஆனால் உங்கள் அப்பா மூன்று மாதத்தில் நான்கு முறை விழுந்தவர், அதனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்து எந்தப் படியில் தொடங்குவது என்று சொல்லட்டும். இதற்கு ஆதாரம் இருக்கிறது: 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 231 நோயாளிகளை எடுத்து, ஒரு பகுதியினரைப் பெரும்பாலும் வீட்டிலேயே, அதிக மேற்பார்வை இல்லாமல் ஆறு மாதம் பயிற்சி செய்ய வைத்தார்கள். நோய் லேசாக இருந்தவர்கள் விழுவது நன்றாகக் குறைந்தது, முற்றியவர்களுக்குக் குறையவில்லை. முற்றிய நிலையில் பக்கத்தில் ஆள் நின்று பழக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

இன்னொன்று. வீட்டில் எல்லாரும் நாள் முழுக்க ‘பார்த்து, மெதுவா, மெதுவா’ என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அவர் மூளை ஏற்கெனவே எல்லா அசைவையும் சின்னதாக்கி வைத்திருக்கிறது, அதற்கு மேல் மெதுவாகப் போகச் சொன்னால் எட்டு இன்னும் குறுகி, பாதம் தரையோடு தேய்ந்து, கடைசியில் தடுக்கும். அதற்குப் பதிலாக ‘பெரிய எட்டா வைங்கப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்கே நடை மாறுவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு வாசல்நிலை வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. கையைப் பிடித்து இழுத்தால் கோபப்படுகிறார். ஆனால் மாடிப்படியில் மட்டும் நன்றாக ஏறுகிறார். வேண்டுமென்றே செய்கிறாரா என்றுகூடத் தோன்றுகிறது.

இல்லைம்மா, வேண்டுமென்று யாராலும் இப்படிச் செய்ய முடியாது. உங்களுக்கு அப்படித் தோன்றியதிலும் தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கும்.

நடப்பதைக் குழந்தையில் கற்றுக்கொண்ட பிறகு நாம் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதி அதைத் தானாகவே ஓட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கின்சனில் பழுதாவது அந்தத் தானியங்கி வேலை. கண்ணால் பார்த்து, மனதால் நினைத்து, வேண்டுமென்று காலைத் தூக்கி வைக்கும் வழி பெருமளவு நன்றாகவே இருக்கிறது. மாடிப்படியில் ஒவ்வொரு படியின் விளிம்பும் ‘இங்கே வை’ என்று கண்ணுக்குச் சொல்கிறது, கால் கேட்கிறது. வாசல்நிலை அப்படி எதுவும் சொல்வதில்லை, வழி குறுகுவதை மட்டும்தான் காட்டுகிறது. 2010இல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். 58 வயது, பத்து வருட நோய், சில எட்டு வைப்பதற்குள் விழுந்துவிடுவார். அவரே சைக்கிளில் ஏறினால் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார், இறங்கியதும் கால் மறுபடி ஒட்டிக்கொண்டது. அந்த வீடியோவைப் பார்த்தால் உங்கள் சந்தேகம் போய்விடும்.

இழுக்காதீர்கள். நீங்கள் இழுக்கும்போது உடம்பு முன்னால் வந்துவிடும், கால் அங்கேயே இருக்கும், முகம் அடிபட விழுவார். அவருக்கு வரும் கோபம் பயம்தான்.

என்ன செய்யலாம்? முதலில் முழுதாக நிற்கட்டும், தவிக்கத் தவிக்க முன்னால் உந்த வேண்டாம். நிமிரட்டும், ஒரு மூச்சு விடட்டும். உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி மெல்ல இடமும் வலமும் ஆடட்டும். எடை ஒரு காலுக்கு முழுதாகப் போனதும் மற்ற கால் லேசாகிவிடும், அந்தக் காலை நீளமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இதைக் கால் ஒட்டும்போது மட்டும் செய்தால் போதாது, நன்றாக நடமாடும் நேரத்தில் அதே வாசலில் தினமும் பத்து முறை ஒத்திகை பார்க்க வேண்டும். பதற்றத்தில் புதிதாக ஒன்றை யாராலும் நினைத்துச் செய்ய முடியாது.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார், முன்னாலும் வர முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை, முழங்கால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பாதத்துக்கு முன்னால் ஒரு அளவுகோலைத் தரையில் குறுக்கே வைத்து, ‘ஐயா, இதைத் தாண்டி வாங்க’ என்றேன். அந்த நிமிடமே முழங்காலை உயர்த்தித் தாண்டினார், அதே ஓட்டத்தில் ஐந்தாறு எட்டு வைத்து நாற்காலி வரைக்கும் வந்துவிட்டார். பின்னால் நின்ற அவர் மனைவி அழுதுவிட்டார். ‘இத்தனை நாளும் திட்டிட்டேனே’ என்றார்.

வீட்டில் அளவுகோல் வேண்டாம், தடுக்கும். தரையின் நிறத்தோடு சேராத பளிச்சென்ற டேப்பை, வாசலுக்கு முன்னும் பின்னும், அவர் வைக்க வேண்டிய எட்டின் நீளத்துக்கு ஒன்றாகக் குறுக்கே ஒட்டுங்கள். ஓரம் பெயராமல் அழுத்தி ஒட்டுங்கள். டேப்பை மிதிக்கக் கூடாது, ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். சிலருக்குக் கண்ணைவிடக் காது நன்றாக உதவும். செல்போனில் சீரான தாளத்தில் தட்டும் மெட்ரோனோம் செயலி போட்டு அந்தத் தட்டுக்கு நடக்கலாம், வாய்விட்டு ‘ஒன்று, இரண்டு’ எண்ணலாம். கால் ஒட்டிக்கொள்கிறவர்களுக்குத் தட்டின் வேகத்தைக் கூட்ட வேண்டாம், அவரது வழக்கமான நடையைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். அவர் வாசலைக் கடக்கும் நேரத்தில் கேள்வி எதுவும் கேட்காதீர்கள், ஃபோனைக் கையில் கொடுக்காதீர்கள். கால் ஒட்டுவது மாத்திரையின் வேகம் குறையும் நேரத்தில்தானா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள், அப்படியானால் வேளையை மாற்றிப் பார்ப்பார்.

கேள்வி: பயிற்சியை மாத்திரைக்கு முன் செய்வதா, பின் செய்வதா?

பின். மாத்திரை பிடித்து உடம்பு இளகியிருக்கும் நேரம் ஒவ்வொருவருக்கும் வேறு, பொதுவாகப் போட்ட முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் வரும். தள்ளாட்டத்துக்கான பயிற்சி எல்லாம் அந்த நேரத்தில்தான். படுத்தபடியே கை காலை நீட்டி மடக்குவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

கேள்வி: எனக்கு 51 வயது. போன மாதம்தான் பார்க்கின்சன் என்று சொன்னார்கள். வலது கையில் மட்டும் லேசான நடுக்கம், நடையில் ஒரு குறையும் இல்லை. இப்போதே பயிற்சி எதற்கு? செய்வதானால் எவ்வளவு கடுமையாகச் செய்யலாம்?

இப்போதுதான் செய்ய வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று முறை விழுந்த பிறகே வருகிறார்கள், அப்போது பாதி நேரம் பயத்தோடு போராடுவதிலேயே போய்விடுகிறது. உங்களுக்கு அந்தப் பயம் இன்னும் இல்லை, உடம்பில் வலு இருக்கிறது.

நடையில் குறையில்லை என்கிறீர்கள், உங்கள் மனைவியைப் பின்னால் வரச் சொல்லி இரண்டு கையும் ஒரே அளவு வீசுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு நடுங்கும் பக்கத்துக் கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும், அவர்களுக்கே தெரியாது.

எவ்வளவு கடுமையாக என்றால், நீங்கள் நினைப்பதைவிடக் கடுமையாக. அமெரிக்காவில் இன்னும் பார்க்கின்சன் மருந்தே தொடங்காத 128 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வந்தது. டிரெட்மில்லில் இதயத் துடிப்பை உச்ச வேகத்தின் 80 முதல் 85 சதவீதம் வரைக்கும் கொண்டுபோய்ச் செய்தவர்களுக்கு, ஆறு மாதத்துக்குப் பிறகு அசைவுக் குறைகள் ஏறக்குறைய கூடவே இல்லை, வழக்கம்போல் இருந்தவர்களுக்குக் கூடியிருந்தன. அதற்கு அடுத்த வருடம் நெதர்லாந்தில் 130 பேரை வைத்து நடந்த ஆய்வு வந்தது. வீட்டிலேயே நிலையான சைக்கிளில் வாரம் மூன்று முறை, 30 முதல் 45 நிமிடம் மிதித்தவர்கள், வெறும் நீட்டுப் பயிற்சி செய்தவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். மூளை அணுக்கள் அழிவது இதனால் நின்றுவிடுகிறது என்று இந்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மாத்திரையைப் போலவே பயிற்சியையும் மருந்தாக எழுதிக் கொடுக்க இந்த அளவு எனக்குப் போதும்.

தொடங்கும் முன் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பேச முடிகிறது, ஆனால் நீளமாகப் பேச மூச்சு வாங்குகிறது என்ற அளவில் வாரம் மூன்று நாள் அரை மணி நேரம், கால் தசைக்கும் முதுகுக்கும் வலுப் பயிற்சி இரண்டு நாள், முதல் பதிலில் சொன்ன எட்டு வைக்கும் பயிற்சி இரண்டு மூன்று நாள். மூலையில் நிற்கத் தேவையில்லை உங்களுக்கு. பந்தைத் தட்டிக்கொண்டே பக்கவாட்டில் நடப்பது, சட்டென்று திசை மாறுவது, மனக்கணக்குப் போட்டுக்கொண்டே பின்னால் நடப்பது என்று கடினமாக்குங்கள்.

கேள்வி: தாய் சி, யோகா, நடனம், குத்துச்சண்டைப் பயிற்சி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சிறந்தது?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 150க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து அலசிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. அது சொல்வது: பெரும்பாலான பயிற்சிகள் பலன் தருகின்றன, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மெதுவான, தொடர்ச்சியான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய் சிக்குத் தனியாக நல்ல ஆதாரம் உண்டு. 2012இல் வந்த அமெரிக்க ஆய்வில் 195 பேர் மூன்று குழுவாகப் பிரிந்து, தாய் சி, வலுப் பயிற்சி, நீட்டுப் பயிற்சி என்று ஆளுக்கொன்றை வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரமாக 24 வாரம் செய்தார்கள். தாய் சி செய்தவர்களின் சமநிலை மற்ற இரு குழுக்களைவிட நன்றாக முன்னேறியது, நீட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு அறிந்தே மாற்றுவதுதானே அதில் முழு வேலையும்.

யோகாவில் ஒற்றைக்காலில் கண் மூடி நிற்பது போன்றவற்றைச் சுவர் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம். குத்துச்சண்டைப் பயிற்சி என்பது பையைக் குத்துவதும் கால் மாற்றுவதும்தான், ஆளை அடிப்பதல்ல. ஆனால் பின்னால் சாய்ந்து விழும் பழக்கம் உள்ளவர்கள் தனியாகச் செய்யக் கூடாது. உங்களுக்குப் பிடித்ததை, ஆறு மாதம் கழித்தும் போகத் தோன்றுவதைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் கூட்டாகச் செய்யும் இடமாகப் பாருங்கள்.

கேள்வி: அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி பின்னால் உட்கார்ந்துவிடுகிறார். எழுந்துவிட்டாலும் திரும்பும்போது தடுமாறுகிறார். வாக்கர் வாங்கலாமா?

எழுவதற்கு நான்கு அசைவு இருக்கிறது, அவர் நான்கையும் ஒன்றாகக் கலந்து செய்கிறார். முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வரட்டும். இரண்டு பாதத்தையும் முழங்காலுக்குப் பின்னால் இழுத்து, கொஞ்சம் அகட்டி ஊன்றட்டும். பிறகு மூக்கு கால்விரலுக்கு மேல் வரும் வரைக்கும் நன்றாகக் குனியட்டும். பலரும் விழுந்துவிடுவோம் என்று பயந்து குனியாமலே எழப் பார்ப்பார்கள், அதனால்தான் பின்னால் சாய்கிறார்கள். குனிந்ததும் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று அவரே சொல்லி எழட்டும். எழுந்த இடத்திலேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டு நகரட்டும். தாழ்ந்த சோபா வேண்டாம், கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி வையுங்கள்.

திரும்புவதற்கு: நின்ற இடத்தில் ஒரு காலை ஊன்றிச் சுழலவே கூடாது, கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இடம் இருந்தால் அரைவட்டமாக நடந்து திரும்பட்டும். இடம் இல்லையென்றால் தரையில் ஒரு கடிகாரத்தின் நடுவில் நிற்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 12ஐப் பார்த்து நிற்பவர் காலைத் தூக்கி 3ஐப் பார்க்க வைக்கிறார், மற்ற காலைப் பக்கத்தில் சேர்க்கிறார், அப்புறம் 6. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் இன்னும் நல்லது.

வாக்கரை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு எட்டுக்கும் தூக்கித் தூக்கி வைக்கும் வகை இவர்களின் நடையைத் துண்டுதுண்டாக்கிவிடும், கால் ஒட்டிக்கொள்வது அதிகமாகும். வெறும் சக்கரம் மட்டும் இருந்தால் அது முன்னால் ஓடும், இவர் பின்னால் ஓடுவார். நான்கு சக்கரமும் கையில் பிடிக்கும் பிரேக்கும் உள்ளது பலருக்குப் பொருந்துகிறது, ஆனால் பிரேக்கைச் சட்டென்று பிடிக்க அம்மாவின் கை ஒத்துழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் முன்னால் அவர் அதைப் பிடித்து நடந்து, திரும்பி, வாசலைத் தாண்டி, உட்கார்ந்து காட்டிய பிறகு வாங்குங்கள்.

கேள்வி: எவ்வளவு சொன்னாலும் அப்பா பயிற்சி செய்ய மறுக்கிறார். சோம்பலா, பிடிவாதமா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். எதிலும் நாட்டம் இல்லாமல் போவதும் மனச்சோர்வும் இந்த நோயின் அறிகுறிகள், நடுக்கத்தைப் போலவே. முதலில் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், சிகிச்சை இருக்கிறது. அப்புறம், ‘போய்ச் செய்யுங்க’ என்று அனுப்பாமல் நீங்கள் அவர் எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாத்திரை பிடித்த நேரமாகப் பார்த்து, அவரோடு சேர்ந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். முதல் வாரம் அவ்வளவு போதும். இரண்டாவது வாரம் எழுந்ததும் இருவரும் எதிரும் புதிருமாக நின்று பக்கவாட்டில் பெரிய எட்டு வையுங்கள், அவர் எண்ணட்டும், உரக்க.